ஏட்டில் ஏறாத ஓட்டங்கள்

கிரிக்கெட் ஆட்டம் ஒன்று முடிந்தபின் அதன் வரலாறாக எஞ்சுவது ஆட்ட விபர அட்டை மட்டுமே. யார் எத்தனை ஓட்டங்கள் எடுத்தார், யார் எத்தனை விக்கெட்டுகளை வீழ்த்தினார், யார் பிடியெடுத்தார் என்பன அதில் இருக்கும். ஐம்பது ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கும் அந்த அட்டை ஆட்டத்தின் போக்கைப் பெருமளவு சொல்லிவிடும். ஆனால் எல்லைக்கோட்டை நோக்கி விரைந்த பந்தைப் பாய்ந்து தடுத்து, நான்கு ஓட்டங்களை ஓர் ஓட்டமாக்கியவரின் பெயர் அதில் இராது. அவர் காப்பாற்றிய மூன்று ஓட்டங்களும் நிகழவேயில்லை. நிகழாததை எழுதுவதற்கு அந்த ஏட்டில் இடமில்லை.

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் இந்தக் குறை ஓரளவு நீக்கப்பட்டிருக்கிறது. ஹென்றி சட்விக் என்றொரு பத்திரிகையாளர். 1824இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் நியூயோர்க் பக்கம் குடியேறியவர். பத்திரிகைகளுக்கு முதலில் கிரிக்கெட் செய்திகளை எழுதியவர், பின்னர் பேஸ்போல் பக்கம் திரும்பினார். அந்த ஆட்டத்தின் விபர அட்டைக்கு வடிவம் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர். களத்தில் நிற்கும் ஒருவர் எத்தனை பேரை ஆட்டமிழக்கச் செய்தார், எத்தனை ஆட்டமிழப்புகளுக்குத் துணைநின்றார், எத்தனை முறை தவறிழைத்தார் என்பதெல்லாம் பேஸ்போல் ஏட்டில் தனித்தனியே பதிவாகின்றன. அதனால் அங்கே ஓர் அணியின் ஒரு பருவத்தைக் கூட்டிப் பார்த்து, "அந்த ஆண்டு இவர்களுடைய தடுப்பு இப்படி இருந்தது" என்று நூறாண்டுக்குப் பிறகும் பேச முடிகிறது. கிரிக்கெட்டிலிருந்து போன ஒருவர் செய்த ஏற்பாடு அது. கிரிக்கெட் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. கைக்குள் வந்து விழுந்த பந்தை நழுவவிட்டவரின் பெயர்கூட நமது ஆட்ட விபர அட்டையில் வருவதில்லை.

அப்படி எழுதப்படாமற் போன ஒரு பருவத்தைப் பற்றி எழுத நெடுநாளாக எண்ணியிருந்தேன். 1995 செப்டெம்பர் முதல் 1996 மார்ச் வரையான ஏழு மாதங்கள். அணி, அர்ஜுன ரணதுங்க தலைமையிலான இலங்கை அணி. அந்தப் பருவத்தின் முடிவில் உலகக் கிண்ணம் அவர்களிடம் வந்தது என்பதும், ஜயசூரியவும் அரவிந்த டி சில்வாவும் துடுப்பால் என்ன செய்தார்கள் என்பதும் உலகறிந்தவை. நான் எழுதப்போவது அவர்களுடைய களத்தடுப்பைப் பற்றி.

எழுதத் தயங்கியதற்குக் காரணம் உண்டு. நான் உரும்பிராயைச் சேர்ந்தவன். அதே ஏழு மாதங்களில்தான் எங்கள் ஊர் ஆளற்றுப் போனது. அந்த அணி அணிந்திருந்த சட்டையில் எந்த நாட்டின் பெயர் இருந்ததோ, அந்த நாட்டின் படைதான் எங்கள் ஊர்வழியே யாழ்ப்பாண நகரை நோக்கி வந்தது. இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது இலகுவானதன்று. ஆயினும் ஒன்றை விட்டு மற்றதை எழுதினால் வரலாறு பாதியாகிவிடும்.

களத்தடுப்பு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு நண்பர்கள் 'பீல்டிங்' என்றே பேசுகின்றனர். ஈழத்துப் பத்திரிகைகளில் துடுப்பாட்டம், பந்துவீச்சு, களத்தடுப்பு என்ற மூன்று சொற்களும் நெடுங்காலமாக நிலைபெற்றவை. மூலச் சொல்லில் களம் மட்டுமே உண்டு. தடுப்பு என்பதை நாம் சேர்த்துக்கொண்டோம். எங்கள் தலைமுறைக்குத் தடுப்பு என்றதும் வேறு பலவும் நினைவுக்கு வரும். வீதித் தடுப்பு, தடுப்புக்காவல், தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் என எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. அந்தச் சொல் ஒரு திறமையையும் குறிக்கலாம் என்பதை எங்களுக்கு நினைவூட்டியது விளையாட்டுப் பக்கம் ஒன்றுதான்.

களத்தடுப்பு ஓர் அணியின் படைக்கலமாக எப்போது கருதப்படலாயிற்று? நம்மவர் அறிந்த நல்ல உதாரணம் 1971இன் இந்திய அணி. அஜித் வடேகர் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவரவர் மண்ணிலேயே அந்த ஆண்டு அவர்கள் வென்றார்கள். அந்த வெற்றியைச் சுழற்பந்து வீச்சாளரின் வெற்றி என்று சொல்வது வழக்கம். சுழற்பந்து துடுப்பின் விளிம்பில் பட்டால் மட்டும் போதாது. பட்ட பந்தைப் பிடிக்க இரு கைகள் அருகில் இருக்கவேண்டும். ஏக்நாத் சோல்கர் தலைக்கவசம் எதுவுமின்றித் துடுப்பாட்டக்காரரின் காலடியில் நின்றார். வடேகர் சிலிப்பில், ஆபித் அலி காற்பக்கம் நெருங்கி, சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன் தாம் பந்து வீசாத வேளைகளில் மட்டைக்கு அண்மையில்.

1971 ஓகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 101 ஓட்டங்களுக்குச் சுருண்ட அந்த இன்னிங்ஸில் சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்தார். அதை எல்லோரும் சொல்வார்கள். சோல்கர் பிடித்த இரண்டு பிடிகளையும், வெங்கட் பிடித்த ஒன்றையும், மாற்று வீரராக உள்ளே வந்த ஜயந்திலால் பிடித்த ஒன்றையும் தேடிப் பார்ப்போர் சிலரே. 27 டெஸ்ட் ஆட்டங்களில் 53 பிடிகள் என்பது சோல்கரின் கணக்கு. விக்கெட் காப்பாளர் அல்லாத ஒருவருக்கு இது வியக்கத்தக்க விகிதம்.

பிறகு 1992 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவின் ஜொன்ரி ரோட்ஸ், கையில் பந்துடன் உடல் முழுவதும் அந்தரத்தில் நீண்டிருக்க ஸ்டம்புகளைத் தகர்த்து இன்சமாமை வெளியேற்றினார். அந்த ஒரு புகைப்படம் களத்தடுப்புக்கு உலகெங்கும் மரியாதை தேடிக்கொடுத்தது. இலங்கை அணிக்கு அத்தகைய புகைப்படம் எதுவும் இல்லை. 1982 பெப்ரவரியில் தன் முதல் டெஸ்டை ஆடிய அணி அது. அழகாகத் துடுப்பெடுத்தாடுவார்கள், நெருக்கடியில் தளர்வார்கள் என்பதே அவர்களைப் பற்றி நிலவிய எண்ணம். அணித் தலைவரே ஓடுவதை விரும்பாத மனிதர் என்று நகைப்பவர்களும் இருந்தனர்.

1995இல் டேவ் வட்மோர் பயிற்சியாளராக வந்தார். இலங்கையிற் பிறந்து அவுஸ்திரேலியாவுக்காக ஆடியவர். உடற்பயிற்சியைக் கவனிக்க அலெக்ஸ் கொன்ரூரி வந்தார். துடுப்பாட்டத் திறமை இயல்பாகவே இருந்த அணிக்கு இவர்கள் கொண்டுவந்தது முக்கியமாக உடற்தகுதியும் களத்தடுப்புப் பயிற்சியும். செப்டெம்பரில் பாகிஸ்தான் சென்ற அணி முதல் டெஸ்டில் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. அடுத்த இரண்டையும் வென்று 2-1 என்று தொடரைக் கைப்பற்றியது. ஒக்டோபரில் சார்ஜாவில் நடந்த இறுதியாட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளையும் தோற்கடித்தது.

அதே ஒக்டோபர் 17ஆம் திகதி 'சூரியக்கதிர்' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில், கொட்டும் மழையில், தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். உரும்பிராயில் வெங்காயத் தறைகளும் வாழைத்தோட்டங்களும் கிணறுகளும் அப்படியே இருக்க, மனிதர் மட்டும் இல்லாது போயினர். டிசம்பர் 5ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் சிங்கக்கொடி ஏற்றப்பட்டது. அதற்கு மூன்று வாரங்களின் பின் மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை 'நோபோல்' அழைத்தார். அணியில் இருந்த ஒரேயொரு தமிழர் அவர். அந்த அவுஸ்திரேலியப் பயணத்தின் மூன்று டெஸ்டுகளிலும் இலங்கை தோற்றது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. யாழ். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்துப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் எங்கள் ஊரார் சிலருடன் தங்கியிருந்தோம். மின்சாரம் 1990இலேயே போய்விட்டது. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். வானொலி கேட்பதற்கு யாழ்ப்பாணம் கண்டுபிடித்திருந்த வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் ஒருவர் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பேசும். சுழற்றுபவர் களைத்தால் குரல் தேய்ந்து அடங்கிவிடும். உடனே இன்னொருவர் மாறுவார்.

வானொலியில் கிரிக்கெட் கேட்பவருக்குத் துடுப்பாட்டம் கேட்கும். மட்டையின் ஓசையும் கூட்டத்தின் ஆரவாரமும் வரும். பந்துவீச்சும் ஓரளவு புலப்படும். களத்தடுப்புத்தான் எதுவுமே கேளாதது. "பந்து பொயிண்ட் பக்கம் போகிறது, தடுக்கப்பட்டது, ஓட்டமில்லை" என்று வர்ணனையாளர் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவார். அந்த மூன்று சொற்களுக்குள் ஒருவர் ஓடியது, விழுந்தது, எழுந்தது, எறிந்தது எல்லாம் அடங்கிவிடும். எஞ்சியதைக் கேட்பவர்தான் மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு அதில் ஒரு வசதி இருந்தது. உரும்பிராயில் வெங்காயம் கிண்டிய தறையில் பந்து தடுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். செம்மண் கட்டி ஒவ்வொன்றிலும் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் வரும் பந்து. பின்னால் கிளுவை வேலி. அதைத் தாண்டினால் அயலவர் வளவு. பந்து அங்கே போனால் திரும்பி வருவது வீட்டுக்காரரின் மனநிலையைப் பொறுத்தது. ஒரேயொரு பந்துதான் உண்டு என்பதால் களத்தடுப்பு எங்களுக்கு ஆட்டத்தின் ஒரு பகுதி மட்டுமன்று. ஆட்டம் தொடர்ந்து நடப்பதற்கே அதுதான் நிபந்தனை. உடலைப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோ, முழங்காலை ஊன்று, கண்ணை எடுக்காதே என்பவை ஏட்டுப்படிப்புக்கு முன்பே எங்களுக்கு வாய்த்த பாடங்கள். ஆகவே "தடுக்கப்பட்டது" என்று வானொலி சொன்னபோது அதன் பெறுமதி எங்களுக்குப் புரிந்தது.

அந்தப் பாடசாலையில் எங்களுடன் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியின் எழுதாத பக்கங்களில் உலகக் கிண்ண ஆட்டங்களுக்குப் புள்ளிக்கணக்கு வைத்தார். ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி வைப்பது முறை. அவர் அந்தப் புள்ளிகளிலும் இருவகை வைத்தார். துடுப்பாட்டக்காரர் தாமாகத் தடுத்தாடிய பந்துக்கு வெறும் புள்ளி; களத்தில் நின்றவர் தடுத்ததால் ஓட்டம் போகாத பந்துக்குப் புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வட்டம். சட்விக் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஏட்டில் இல்லாத ஒன்றை ஏட்டில் ஏற்றவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தானாகவே வந்தது.

அந்த உலகக் கிண்ணம் தொடங்கிய விதமும் நினைவிற்கொள்ள வேண்டியது. ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி மீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் ஏறத்தாழத் தொண்ணூறு பேர் இறந்தார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. அந்த இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளும் ஆடாமலே இலங்கைக்குக் கிடைத்தன. எனவே அந்த அணி உண்மையில் ஆடியவை ஆறு ஆட்டங்கள். ஆறையும் வென்றது.

ரணதுங்கவின் திட்டம் எளிமையானது. முதல் 15 ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டுமே நிற்கலாம் என்பது அப்போதைய விதி. அந்த ஓவர்களை வேகப்பந்து வீச்சாளர் கடத்திவிட, பின்னர் முரளிதரன், தர்மசேன, ஜயசூரிய, டி சில்வா என்று நால்வர் மெதுவான சுழற்பந்து வீசுவர். மெதுவான பந்தை எல்லைக்கு அனுப்புவதற்குத் துடுப்பாட்டக்காரரே விசை கொடுக்க வேண்டும். அபாயமின்றி ஆடினால் ஒற்றை ஓட்டங்கள்தான் எடுக்கலாம். அந்த ஒற்றை ஓட்டங்களை உள்வட்டத்தில் நிற்பவர்கள் மறித்துவிட்டால் அவருக்கு இரண்டே வழிகள் எஞ்சும். ஒன்று, கோட்டைவிட்டு இறங்கி வருவது. அங்கே விக்கெட் காப்பாளர் களுவிதாரண காத்திருப்பார். மற்றது, தூக்கி அடிப்பது. அங்கே பிடியெடுப்பவர் காத்திருப்பார். ஆக, அந்த அணியின் பந்துவீச்சு என்று புகழப்பட்டதில் பாதி களத்தடுப்பே. பொயிண்டுக்குச் சற்றுப் பின்னே ரொஷான் மஹாநாம நின்ற இடத்தின் வழியே ஒற்றை ஓட்டம் எடுப்பது அரிது. அவர் மறித்த ஒவ்வொரு பந்தும் அடுத்த பந்தின்மீது ஒரு சுமையாக ஏறியது. மஹாநாமவின் பெயரில் அந்த விக்கெட்டுகள் பதிவாகவில்லை.

இதை இலக்கங்களால் ஓரளவு காட்டமுடியும். மார்ச் 13ஆம் திகதி கல்கத்தாவில் இந்தியாவுக்கு எதிரான அரையிறுதி. இலங்கை 251 எடுத்திருந்தது. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 என்ற நிலையில், காலில் பட்டு அருகில் உருண்ட பந்துக்கு ஓட முற்பட்டுக் கோட்டைவிட்டு வெளியேறிய டெண்டுல்கரை, களுவிதாரண பந்தைக் கணத்தில் எடுத்து ஸ்டம்ப் செய்தார். அந்த ஒரு கணத்திலிருந்து 22 ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்டுகள் போயின. எட்டு விக்கெட்டுக்கு 120 என்றிருந்தபோது பார்வையாளர் குழப்பத்தினால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. விழுந்த எட்டில் நேரடியாக ஸ்டம்புகள் சாய்ந்தவை இரண்டே. மற்றைய ஆறும், பந்துவீசிய தர்மசேனவே பிடித்த அசாருதீனின் பிடி உட்பட, யாரோ ஒருவரின் கைகள் வழியே வந்தவை.

மார்ச் 17, லாகூர். நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க களத்தடுப்பைத் தெரிவுசெய்தார். அதுவரை நடந்த ஐந்து உலகக் கிண்ண இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. மார்க் ரெய்லரும் பொன்ரிங்கும் ஆடிய வேளையில் அவுஸ்திரேலியா ஒரு விக்கெட்டுக்கு 137 என்று உயர்ந்தது. ரெய்லர் தூக்கி அடித்த பந்தை ஜயசூரிய பிடித்தார். அதன் பின்னான ஏறத்தாழ 23 ஓவர்களில் அவுஸ்திரேலியா எடுத்தது 104 ஓட்டங்கள் மட்டுமே. முடிவில் ஏழு விக்கெட்டுக்கு 241. நான்கு சுழற்பந்து வீச்சாளரும் சேர்ந்து வீசிய 37 ஓவர்களில் கொடுத்தது 163; எடுத்த விக்கெட்டுகள் ஆறு. அன்று விழுந்த ஏழு விக்கெட்டுகளில் நான்கு பிடிகள், ஒன்று ஸ்டம்ப் முறையிலானது. வோர்ன் முரளிதரனின் பந்துக்கு இறங்கிவந்து களுவிதாரணவிடம் சிக்கினார்.

இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் 15 விக்கெட்டுகள். அவற்றில் 11 கைகளால் வந்தவை. ஜயசூரிய நான்கு பிடிகள், டி சில்வா மூன்று, களுவிதாரண இரண்டு ஸ்டம்பிங். ஜயசூரிய என்றால் ஆரம்ப ஓவர்களின் அதிரடி, டி சில்வா என்றால் இறுதியாட்டத்தின் ஆட்டமிழக்காத 107 என்றுதான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த ஏழு பிடிகள் இல்லாவிடில் அந்த 107 வெற்றிக்குப் போதியிருக்குமா என்பது கேட்கவேண்டிய கேள்வி. அன்றிரவு பனியில் நனைந்த பந்தை அவுஸ்திரேலியர் பிடிக்கத் தவறிய வாய்ப்புகளும் உண்டு. ஆட்ட விபர அட்டையில் அவற்றின் சுவடும் இல்லை. அசங்க குருசிங்க 65 என்று மட்டும் இருக்கிறது.

இவை எண்ணக்கூடியவை. எண்ணமுடியாதவையே அதிகம். மறிக்கப்பட்ட ஒற்றை ஓட்டங்களும், இரண்டாக மாறாத ஒன்றுகளும், எறி வருமென்று அஞ்சி ஓடாமல் நின்றுவிட்ட துடுப்பாட்டக்காரர்களும் எந்த அட்டையிலும் இல்லை. ஆசிரியரின் கொப்பியில் வட்டமிட்ட புள்ளிகளாக அவை இருந்தன. அந்தக் கொப்பி இன்று இல்லை.

அந்த இறுதியாட்டத்தின்போது எங்கள் பாடசாலையில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. அது எங்கள் முகாமுக்கு மட்டும் உரியதாக இருந்திருக்காது. "எங்களை வீட்டை விட்டுத் துரத்தினவனின்ரை நாடு வெல்லுறதை நாங்கள் சைக்கிள் சுத்திக் கேக்கோணுமோ?" என்று ஓர் இளைஞர் கோபத்துடன் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. முரளி இருக்கிறாரே என்றார் ஒருவர். ஒருவருக்காகப் பதினொருவரையும் ஏற்பதா என்றார் மற்றவர். அவுஸ்திரேலியா வெல்லட்டும் என்றவர்களும் இருந்தனர். மெல்பேர்ணில் முரளிக்கு நடந்ததை எடுத்துச் சொல்லி அவர்களை மறுத்தவர்களும் இருந்தனர். கடைசியில் அந்த இளைஞர் ஆசிரியர் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் ஆற்றை பக்கம்?"

ஆசிரியர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நான் கணக்கு எழுதுறவன், தம்பி. எனக்கு இந்தப் பக்கம் முடிஞ்சால் அடுத்த பக்கம்."

எல்லோரும் சிரித்தோம், கேட்டவரும் சிரித்தார். சற்று நேரங் கழித்து, சுழற்றிக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டு அவரே போய்ச் சைக்கிள் மிதியைப் பிடித்தார். அவருடைய கோபம் தணிந்துவிட்டது என்று நான் பொருள்கொள்ளவில்லை. கோபமும் இருந்தது, ஆட்டத்தைக் கேட்கவேண்டும் என்ற ஆவலும் இருந்தது. இரண்டும் உண்மை.

1996இன் வெற்றி பிளவுண்ட நாட்டை ஒன்றிணைத்தது என்று பின்னாளில் பலர் எழுதினர். 2011இல் லோர்ட்ஸ் மைதானத்தில் குமார் சங்கக்கார ஆற்றிய புகழ்பெற்ற உரையிலும் அந்த வெற்றி போர்க்கால நாட்டுக்குக் கொடுத்த நம்பிக்கை பெரிதாகப் பேசப்பட்டது. அவ்வுரை நேர்மையானது; மதிக்கிறேன். ஆனால் தென்மராட்சியில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கவேண்டும். கிண்ணம் வந்து ஒரு மாதத்தில், ஏப்ரல் 19ஆம் திகதி, நடவடிக்கையின் இரண்டாம் கட்டம் தென்மராட்சியை நோக்கித் தொடங்கியது. அதன் பின்னர் நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். உரும்பிராய்க்கு வந்தபோது கூரையற்ற வீடுகளும் ஆளுயரப் புல்லும் எங்களை எதிர்கொண்டன. போர் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்து 2009 மே மாதத்தில்தான் முடிந்தது. ஒரு கிண்ணம் நாட்டை ஒன்றாக்கியது என்பது, களத்தடுப்பைப் போலவே எங்களையும் கணக்கில் சேர்க்காத ஒரு கூற்று.

ஆனாலும் அந்த அணியின் களத்தடுப்பை மெச்சுவதற்கு அந்தக் கூற்றை ஏற்கவேண்டியதில்லை என்பதே இத்தனை ஆண்டுகளுக்குப் பின் நான் வந்து சேர்ந்த முடிவு. ஓட்டங்களுக்கும் விக்கெட்டுகளுக்கும் கொடி பிடிக்கலாம். ஆயிரம் பேர் பிடித்துமிருக்கிறார்கள். தடுத்த பந்துக்குக் கொடி பிடிப்பவர் யாருமில்லை. பரிசும் இல்லை, பதிவும் இல்லை என்று தெரிந்தும் ஐம்பது ஓவர்கள் ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து நிமிரும் உழைப்பு அது. அதை மதிப்பதற்கு ஆட்டம் தெரிந்திருந்தால் போதும். வெங்காயத் தறையில் முழங்கால் தேய்ந்தவனுக்கு அது தெரியும்.

முரளிதரனையே எடுத்துக்கொள்ளுங்கள். 800 டெஸ்ட் விக்கெட்டுகள் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். டெஸ்டில் 72 பிடிகளும் ஒருநாள் ஆட்டங்களில் 130 பிடிகளும் எடுத்த களத்தடுப்பாளர் அவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மற்றவரின் பந்துவீச்சுக்காக அவர் ஓடிய ஓட்டம் அது. மஹாநாமவின் பெயரைச் சொன்னால் 1997இல் ஜயசூரியவுடன் சேர்ந்து அவர் எடுத்த 576 ஓட்ட இணைப்பாட்டம் நினைவுக்கு வரும். பொயிண்டுப் பக்கம் அவர் காப்பாற்றிய ஓட்டங்களைக் கூட்டினால் எத்தனை சதங்கள் தேறும் என்று எவராலும் சொல்ல இயலாது.

இன்று நிலைமை மாறிவருகிறது. ஒளிப்படக் கருவிகள் ஒவ்வொரு பந்தையும் தொடர்கின்றன. பேஸ்போலில் ஒரு களத்தடுப்பாளர் ஒரு பருவத்தில் எத்தனை ஓட்டங்களை மிச்சப்படுத்தினார் என்று கணக்கிடுகின்றனர். கிரிக்கெட் அணிகளும் தத்தம் ஆய்வாளரைக் கொண்டு அத்தகைய கணக்குகளை வைத்துக்கொள்கின்றன. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலிருந்து சென்று ஐ.பி.எல். வரை ஆடிய வியாஸ்காந்தின் தலைமுறைக்கு இது கிடைக்கும். அவர்கள் தடுத்தது வீண்போகாது. 1995-96இன் பருவத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதற்குக் கண்டவர்களும், எங்களைப் போல் கேட்டவர்களும் சொல்லும் சாட்சியமே ஆதாரம்.

முப்பது ஆண்டுகள் செய்தி எழுதியவன் என்ற முறையில் இது என்னை வேறொரு வகையிலும் தொடுகிறது. எங்கள் தொழிலும் ஆட்ட விபர அட்டையைப் போன்றதே. நடந்தது செய்தியாகும், நடவாதது செய்தியாகாது. ஓர் ஊரில் இரு பகுதியார் மோதிக்கொண்டால் நான்கு பத்தி எழுதுவோம். மோதவிடாமல் இடையில் நின்ற இரண்டு பெரியவர்களை எழுதமாட்டோம், ஏனெனில் அன்று அங்கே 'ஒன்றும் நடக்கவில்லை'. இடம்பெயர்ந்த பாடசாலைகளில் நோய் பரவியிருந்தால் தலைப்புச் செய்தி. கிணற்றுக்குக் குளோரின் இட்டு, கொதித்தாறிய நீரையே குடிக்கவைத்த குடும்பநல மாதின் பெயர் எந்தப் பக்கத்திலும் வந்ததில்லை. அந்தக் காலத்து யாழ்ப்பாணம் உயிரோடிருந்ததற்குப் பெருங்காரணம் இத்தகைய தடுப்பாளர்களே. அவர்கள் காப்பாற்றியவற்றுக்கும் கணக்கில்லை.

ஆகவே இளைய பத்திரிகையாளர் எவரேனும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆட்டமொன்றைப் பார்க்கும்போது பத்து ஓவர்களுக்கு மட்டும் பந்தை விட்டுவிட்டுப் பொயிண்டில் நிற்பவரைப் பாருங்கள். அவர் எத்தனை முறை குனிகிறார், எத்தனை முறை பந்து அவரிடம் வராமலே போகிறது, வந்த ஒரு முறை என்ன செய்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செய்தி எழுதும்போது அவருக்கு ஒரு வரி கொடுங்கள். ஆசிரியர் மட்டும் இருந்திருந்தால், அந்த வரியைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போட்டிருப்பார்.